இலை போடுவதற்கு முன் கேளுங்கள்: ராமநாதபுரக் கரையில் வெளியே சாப்பிடும் முறை

மீன் சாப்பாட்டுக் கடையின் போர்டில் நாற்பது ஐட்டம் எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ராமநாதபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள கரையிலும் அன்று காலை கடைக்கு எந்தக் கூடை வந்து இறங்கியதோ அதுதான் மெனு. போர்டு என்றைக்கோ எழுதியது, கூடை இன்றைக்கு வந்தது. கடைக்குள் போனதும் உட்காராமல், கல்லாவிலோ அடுப்படி வாசலிலோ நின்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

"அண்ணே, இன்னைக்கு என்ன மீனு?"

"சீலா, விளமீனு, நகரை, கணவாய் இருக்கு."

"இதுல இன்னைக்கு வந்தது எது?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். நான்கையும் சேர்த்து "எல்லாமே இன்னைக்குத்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னால் அடுத்த கடையைப் பாருங்கள். "விளமீனும் நகரையும் காலையில வந்தது, சீலா ஐஸ்ல இருக்கு" என்று பிரித்துச் சொல்லும் கடையில் தயங்காமல் உட்காரலாம். ஐஸில் வைத்த மீன் கெட்ட மீன் அல்ல. ஐஸ் எது, பச்சை எது என்று கடைக்காரருக்கே தெரிந்திருப்பதுதான் நமக்கு வேண்டியது.

ஊரும் நேரமும்

ராமநாதபுரம் டவுனுக்குள் அரண்மனை, கேணிக்கரைப் பக்கம் பழைய டிபன் கடைகளும் மெஸ்களும். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பட்டணம்காத்தான், கிழக்குக் கடற்கரைச் சாலை சந்திப்பு ஆகிய இடங்களில் குடும்பத்தோடு உட்காரும் ஏசி ஓட்டல்கள், கிரில், பிரியாணிக் கடைகள். மதுரை ரோட்டில் அச்சுந்தன்வயல் பக்கம் லாரியும் காரும் நிற்கும் சாலையோரக் கடைகள். ராமேஸ்வரம் ரோட்டில் உச்சிப்புளி தாண்டினால் மீன் கடைகள் தொடங்கும். வடக்கே தேவிபட்டினம், தெற்கே திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை. இரண்டுமே டவுனிலிருந்து அரைமணி நேரத்துக்குள்.

மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல நேரம் 12.30 முதல் 1.30 வரை. அதற்கு முன் போனால் குழம்பில் புளி இன்னும் ஒட்டாமல் தனியாக நிற்கும். 2 மணிக்குமேல் போனால், முதல் சட்டியில் பொரித்து வைத்த துண்டைத் திரும்ப எண்ணெயில் காட்டித் தருவார்கள். இரண்டாம் முறை பொரித்த துண்டைப் பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம்: ஓரம் கறுத்து முறுக்கியிருக்கும், நடுமுள்ளை ஒட்டிய சதை உலர்ந்து நாராகப் பிரியும். புதுசாகப் பொரித்ததில் முள்ளை இழுத்தால் சதை ஈரமாக, இதழ் இதழாக விலகும்.

தாமதமாகத்தான் போக முடியும் என்றால் பொரித்த மீனை விட்டுவிட்டுக் குழம்பு மீன் கேளுங்கள். குழம்புக்குள் கிடப்பது நேரமானாலும் உலராது. இன்னொன்று, வெறும் "மீன் சாப்பாடு" என்றால் பெரும்பாலான மெஸ்களில் குழம்பு மட்டும்தான், துண்டு கிடையாது. குழம்பு மீன் ஒரு விலை, பொரித்தது ஒரு விலை, இரண்டும் சாப்பாட்டு விலைக்கு மேல். இலையில் வைத்த பிறகு கேட்பதைவிட முன்பே "துண்டு எவ்வளவு?" என்று கேட்டுவிடுவது நல்லது. மீன் விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் போர்டில் விலை இல்லாததை வைத்து மட்டும் சந்தேகப்பட வேண்டாம். கேட்டால் சொல்லாத கடைதான் பிரச்சினை.

காலையில் சில மெஸ்களில் இட்லிக்கு நேற்றைய மீன் குழம்பு ஊற்றுவார்கள். போர்டில் இருக்காது, கேட்டால்தான் வரும். நன்றாகக் கொதிக்க வைத்துச் சுண்டியிருந்தால் அதைவிட நல்ல தொட்டுக்கை இந்தப் பக்கத்தில் இல்லை. வெதுவெதுப்பாக ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயரில் வரும் குழப்பம்

சென்னையிலிருந்து வருபவர்கள் முதலில் இடறுவது 'சீலா'வில். சென்னையில் சீலா என்பது நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் உள்ள, நம்மூர்க்காரர்கள் ஊளி என்று சொல்லும் மீன். தெற்குக் கரையில் சீலா என்றால் வஞ்சிரம். மாவுலா, நெய்மீன் என்றும் சொல்வார்கள். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வட்டத் துண்டாக வெட்டி மசாலா பூசிவிட்டால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊளியும் நல்ல மீன்தான், பொரித்தால் வஞ்சிரத்துக்கு ஈடு கொடுக்கும். ஆனால் ஊளிக்கு வஞ்சிர விலை கொடுக்கக்கூடாது. தலையையோ முழுமீனையோ காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் தோலைப் பாருங்கள். வஞ்சிரத்தின் தோல் செதில் தெரியாமல் வழவழவென்று வெள்ளியாக இருக்கும். ஊளித் தோலில் சுரண்டிய செதிலின் தடம் தெரியும்.

குழம்புக்கு விளமீன், பாறை, சங்கரா, கலவாய். பொரிக்க நகரை, ஊளி, சீலா. ஓரா கிடைத்தால் விடாதீர்கள். கடல்தாழை என்னும் கடற்புல் வளர்ந்த பாக் நீரிணையின் மீன் அது. பார்க்க அழகில்லாததால் ஏசி ஓட்டல்களில் கிடைக்காது, சின்னக் கடையில்தான் கிடைக்கும். காரல் பொடிமீன், முள் அதிகம். ஆனால் தண்ணீராக வைத்த காரல் சாற்றைச் சோற்றில் விட்டுப் பிசைந்தால் மற்றக் குழம்பெல்லாம் கனமாகத் தோன்றும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று கொடுப்பது இதையும் பால்சுறாவையும்தான்.

திருக்கை, சுறா இரண்டுக்கும் தனிச் சோதனை. இவை பழசானால் மற்ற மீன்போல நாறாது, மூக்கைக் குத்தும் நவச்சார நெடி வரும். அவற்றின் உடம்பிலுள்ள யூரியா உடைந்து அமோனியாவாக மாறுவதால் வருவது அது. சுறாப்புட்டில் பூண்டும் வெங்காயமும் அள்ளிப் போட்டு அந்த நெடியை அமுக்கப் பார்ப்பார்கள். சூடாக வந்த புட்டின் ஆவியை ஒருமுறை முகர்ந்தால் தெரிந்துவிடும்.

சூரை, கானாங்கெளுத்தி என்னும் அயிலை போன்ற கருஞ்சதை மீன்களில் வேறோர் ஆபத்து. பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று இருந்தாலோ, சற்று நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரித்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மீன் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் குற்றம் மீனில் அல்ல, ஐஸ் போடாததில்.

எந்த மாதம், எந்தக் கடல்

மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்று பேசுவார்கள். வடகடல் பாக் நீரிணை, தென்கடல் மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் இது அப்படியே தலைகீழாகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் முரடாக இருக்கும்போது தென்கடலில் வலை விரிப்பார்கள். அதனால் வாடைக்காலத்தில் மீன் சாப்பாட்டுக்கென்றே கிளம்பினால் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் போங்கள். கச்சான் காலத்தில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு இரண்டு கடலும் கைக்கெட்டும், அதனால் பாம்பன் கடைகளில் ஓரளவுக்கு எப்போதும் மீன் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகும். இந்த நாட்களில் பெரிய சீலா, பெரிய இறால் என்று தட்டு நிறைய வைத்தால், ஒன்று குளிர்பதனக் கிடங்கில் இருந்தது, இல்லையென்றால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்தது. அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகு மீனைக் கேளுங்கள்: முரல், நகரை, ஓரா, காரல், சூடை, கணவாய். அளவில் சிறிசாக இருக்கும், ஆனால் அன்றன்று வந்ததாக இருக்கும். தடை முடிந்து படகுகள் போன முதல் வாரத்தில் இறால் வரத்து கூடும். அப்போது இறால் சாப்பிடலாம்.

தடை இல்லாத நாட்களிலும் விசைப்படகு தினமும் போவதில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கிழமை பிரித்து வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கைக் கொடி என்று இடையில் நிற்பதும் உண்டு. "போட்டு எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் கடைக்காரர் கிழமையோடு பதில் சொல்வார். கரை ஊரில் இந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மசாலா பூசிய தட்டைப் பார்ப்பது

கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் செக்கச்செவேல் என்று மசாலா பூசிய மீன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கண், செவுள், வாசம் எல்லாம் மசாலாவுக்குள். முடிந்தால் பூசாத மீனைக் காட்டச் சொல்லி, அதைப் பூசிப் பொரிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் கூடுதலாகும். பார்க்கும்போது கண் உப்பலாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். குழி விழுந்து பால் படிந்தது போலிருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு, பழுப்பாகவோ வெளிறியோ இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். ஐஸில் இருந்த மீனுக்குக் கண் மட்டும் சற்று மங்கும், அதனால் கண்ணை வைத்து மட்டும் தீர்மானிக்காமல் செவுளையும் பாருங்கள்.

நிறத்துக்கு ஒரு சோதனை. இந்த மாவட்டத்தின் மிளகாய் முண்டு மிளகாய், உருண்டையாகத் தடித்த தோலோடு இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை அரைத்துப் பூசிப் பொரித்தால் அடர்ந்த செங்கபில நிறம்தான் வரும், ரோஸ் வராது. மிளகாயின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. இலையில் வைத்த துண்டின் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துண்டை அதில் தேயுங்கள். எண்ணெய் மட்டும் சிவப்பாக மிதந்தால் மிளகாய். தண்ணீரே சிவந்தாலோ ரோஸானாலோ கலர்ப்பொடி. சிக்கன் 65க்கும் கிரில் சிக்கனுக்கும் இதே சோதனை.

எடைக்கு விற்கும் கடைகளில் பச்சை எடையா, சுத்தம் செய்த எடையா என்று கேளுங்கள். முழு மீன் ஒரு கிலோ என்றால் செதில், குடல், செவுள் போய், பொரித்ததும் ஈரம் வற்றி, இலைக்கு வருவது ரொம்பவே குறைவு. நான்கு பேருக்கு ஒரு கிலோ முழுமீன் போதும் என்று கடைக்காரர் சொன்னால் ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டு இன்னும் மோசம். ஓடும் காலும் போக மூன்றில் ஒரு பங்கு சதை தேறினால் அதிகம். ஆளுக்கு அரைக்கிலோ நண்டு சொன்னால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், பருமனுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் காலின் அடியில் விரலால் அமுக்கினால் உள்ளே அமுங்கக்கூடாது. அமுங்கினால் ஓடு மாற்றிய புதுத்தோடு, உள்ளே தண்ணீர்தான். நிலாக்காலத்து நண்டில் சதை இருக்காது என்று மீன்பிடிக்கிறவர்கள் சொல்வார்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் நண்டு சாப்பிட வேண்டும் என்பது இங்கே பழகிய கணக்கு.

கணவாய் ரப்பர் மாதிரி இருந்தால் பழசு என்று அர்த்தமில்லை, அடுப்பில் அதிக நேரம் விட்டிருக்கிறார்கள். கணவாயை மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். தவறினால் அரைமணிக்குமேல் வேகவிட்டால்தான் திரும்ப மெதுவாகும். நடுவில் இறக்கியதெல்லாம் செருப்புத்தோல். கூட்டமான ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கணவாய் வறுவல் சொல்லாதீர்கள், கிரேவியாகச் சொல்லுங்கள். பக்கத்துப் பர்னரில் நேரம் மறந்துபோனாலும் கிரேவி தாங்கும்.

சாயங்காலம் புரோட்டா

ஆறு மணிக்குக் கல் சூடாகும். ஏழிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். கல்லில் போட்ட நிலையில் பாருங்கள்: உருண்டையைத் தட்டி வீசிச் சுருட்டிய மடிப்பு விளிம்பில் வளையம் வளையமாகத் தெரிய வேண்டும். எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள், அப்போதுதான் இதழ் விடும். அடிக்காமல் தட்டுக்கு வந்தது மதியம் போட்டு வைத்ததைச் சூடாக்கியது. அதைக் கொத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கொத்துப் புரோட்டாவுக்குப் பழசு நல்லதே, புதுசு கொத்தினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

சால்னா கேட்ட அளவுக்கு ஊற்றுவார்கள், அதற்குத் தனிக்காசு கிடையாது. எலும்புச் சால்னாவா, கோழிச் சால்னாவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "கறி" என்று வெறுமனே சொன்னால் பல இடங்களில் ஆட்டுக்கறி, சில கடைகளில் மாட்டுக்கறி. எது வேண்டும், எது வேண்டாம் என்பவர்கள் "என்ன கறிண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆம்லெட்டைவிடக் கலக்கிக்குக் கல் சரியான சூட்டில் இருக்க வேண்டும். புரோட்டா போட்டு முடித்த கையோடு கேட்டால் நன்றாக வரும்.

பைபாஸ் ஓரக் கிரில் கடைகளில் எரிவது பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. இந்த மாவட்டத்துக் கரிமூட்டங்களில் சுட்டது. நன்றாக வெந்த கரியில் புகை இருக்காது. கண் எரிகிற அளவுக்குப் புகை வந்தால் அரைகுறைக் கரி, கோழியும் கசக்கும். ஷவர்மாவில் சுற்றும் கறியின் வெளிப்பக்கம் மட்டும் வெந்திருக்கும், அதைத்தான் சீவ வேண்டும். கூட்டத்தில் அவசரப்பட்டு உள்ளே ஆழமாகச் சீவினால் சீவியதைக் கல்லில் போட்டு வதக்கித் தரச் சொல்லுங்கள். மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. வெயில் ஊரில் வெளியே வைத்த டப்பாவில் அது நல்லபடியாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

கீழக்கரை

கீழக்கரைச் சமையலின் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் ஆர்டர் எளிது. குழம்புக்கு ஆணம். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது. மீன் ஆணத்தில் தேங்காய்ப்பால் தாராளம், உள்நாட்டு முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் காட்டமான புளிக்குழம்பை நினைத்துப் போனால் சப்பென்று தோன்றும். அது குறையல்ல, வேறு சமையல். தொட்டுக்கொள்ள மாசிச் சம்பல் கேளுங்கள், மாசி என்பது காயவைத்த சூரைக் கருவாடு. இடியாப்பம் இருந்தால் பாயாவோடு, நெய்ச்சோறு இருந்தால் தால்ச்சாவோடு. கடையில் பேசும்போது வயதில் மூத்தவரைக் காக்கா என்றோ பாய் என்றோ கூப்பிடுங்கள். "ஹலோ" என்று கை தட்டினால் தண்ணீர்கூடத் தாமதமாகத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டு வரை ஜும்மாவுக்காகப் பல கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும். ரமலானில் பகலில் சாப்பாடு தேடாதீர்கள். நோன்பு திறந்த பிறகு இரவு நெடுநேரம் கடைகள் விழித்திருக்கும், கஞ்சியும் வடையும் அந்த மாதத்தில் சாப்பிட வேண்டியவை.

தொதல் வாங்காமல் வராதீர்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் மணிக்கணக்கில் கிண்டியது. கருப்பட்டி போட்டது, சீனி போட்டது என்று இரண்டு உண்டு, கருப்பட்டியைக் கேளுங்கள். வெட்டிய துண்டின் மேல் தேங்காயெண்ணெய் மினுமினுப்பாகக் கசிந்திருந்தால் சரியாகக் கிண்டி இறக்கியது. விரலில் பசைபோல் ஒட்டினால் அவசரப்பட்டு இறக்கியது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். வட்டலப்பம் தினமும் எல்லாக் கடையிலும் இருக்காது, முதல்நாள் சொல்லிவைத்தால் கிடைக்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. முட்டை வாடை அடித்தால் ஏலக்காய் குறைவு.

ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்

கோயிலைச் சுற்றிய வீதிகளில் சைவம்தான் அதிகம். வடநாட்டு யாத்திரிகர்களுக்காகப் பூரி, கச்சோரி, சப்பாத்தித் தட்டுக் கடைகளும் நிறைய. மதியம் நடை சாத்தும்போது 22 தீர்த்தமாடிய கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒரு மணிக்கு ஓட்டல் வாசலில் நின்றால் முக்கால்மணி நேரம் காத்திருக்க நேரும். பன்னிரண்டுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், இல்லை இரண்டேகாலுக்குப் பிறகு போங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தேவிபட்டினம், சேதுக்கரைக்கும் இது பொருந்தும். அன்று வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். மீன் வேண்டுமென்றால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ரோட்டோரக் கடைகளுக்கு வாருங்கள்.

தனுஷ்கோடிக் கொட்டகைகளில் மீனைத் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், நீங்கள் காட்டியதைப் பொரித்துத் தருவார்கள். ஐஸ்பெட்டி இருந்தால் உண்டு, குளிர்சாதனப் பெட்டி எதிர்பார்க்க முடியாத இடம். அதனால் முற்பகலில் போங்கள். மூன்று மணி வெயிலில் ஐந்து மணி நேரம் கிடந்த மீனுக்கு மேலே சொன்ன ஹிஸ்டமின் கதைதான். விலையைப் பொரிப்பதற்கு முன் பேசுங்கள், மீனுக்கா துண்டுக்கா என்பதையும் சேர்த்து. எண்ணெயைப் பாருங்கள்: கறுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் பலநாள் எண்ணெய். காற்றில் மணல் பறக்கும், தட்டை மடியில் வைத்துக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. சாயங்காலம் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கடைசி நேரத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு அரைவேக்காட்டைத் தின்ன வேண்டாம்.

சைவம், விரதம், தண்ணீர்

சைவர்கள் மீன் மெஸ்ஸில் "சாம்பார் மட்டும்" என்று சமாளிக்கப் பார்க்காதீர்கள். கரண்டியும் எண்ணெயும் ஒன்றுதான். டவுன் டிபன் கடைகளும் கோயில் ஊர்களும் இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு? புரட்டாசிச் சனிக்கிழமை, அமாவாசை நாட்களில் அசைவக் கடைகளில் வியாபாரம் குறையும், பெட்டியில் மீன் தங்கும். அதற்கு மறுநாள் மதியம் கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள்.

தண்ணீர் இந்த மாவட்டத்தின் பழைய தீராத வழக்கு. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். கேன் தண்ணீரா என்று கேளுங்கள், சந்தேகமிருந்தால் வெந்நீர் கேளுங்கள். டீ கரிப்பாக இருந்தால் பாலைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைச் சொல்லுங்கள். கோடையில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் போகும்போது டீயை விட்டுவிட்டுப் பதநீர் குடிக்கலாம், அதுவும் காலை வெயில் ஏறுவதற்கு முன். நேரமானால் புளித்துவிடும்.

பில்லும் பார்சலும்

சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கொடுக்கத் தேவையில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை. பரிமாறிய அண்ணனுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் கையில் கொடுங்கள்.

பார்சலுக்குத் தூக்குச்சட்டியோ எவர்சில்வர் டப்பாவோ கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் கொதிக்கும் சால்னாவைப் பையில் கட்டுவது நல்லதல்ல. புரோட்டாவையும் சால்னாவையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். புரோட்டாவை வாழையிலையில் வைத்துத் தாளில் சுற்றும்போது முழுசாக மூடவிடாமல் ஒரு ஓரத்தைத் திறந்து வைத்தால் ஆவி போகும், வீடு வந்து சேரும்போது களியாகாது. பொரித்த மீனைப் பார்சல் எடுக்கவே வேண்டாம். குழம்பு மீன் எடுங்கள், மதுரை வரை தாங்கும். கருவாடு வாங்கினால் இரண்டு சுற்றுத் தாளும் ஒரு மூடி டப்பாவும் வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் காலியாகவே வரும்.